‘டெட் அகெய்ன்’: யார் யாருடைய மறுபிறவி?

‘டெட் அகெய்ன்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றி ஒருவர் “நடிகர் கென்னத் பிரானாதான் ரோமன், மைக் இரண்டு வேடத்திலும் வருகிறார், அதனால் மைக்தான் ரோமனின் மறுபிறவி” என்று எழுதியிருக்கிறார். தவறு. 1991-ல் வந்த இந்தப் படத்தின் முடிச்சே அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

1940-களில் பியானோ கலைஞர் மார்கரெட் கத்தரிக்கோலால் குத்திக் கொல்லப்படுகிறார். அந்தப் பழியில் கணவர் ரோமனுக்கு மரண தண்டனை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஞாபகம் இழந்து துப்பறிவாளர் மைக்கிடம் வரும் கிரேஸாக நடித்த எம்மா தாம்சனே மார்கரெட்டாகவும் வருவதால், முகத்துக்கு முகம் பொருத்திக் கணக்குப் போட்டுவிடுகிறோம். ஆனால் மைக்கை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தும் காட்சியைத் திரும்பப் பாருங்கள்: அவர் கண்ணாடியில் பார்ப்பது மார்கரெட்டின் முகம்! ஆக மைக்தான் மார்கரெட், கிரேஸ்தான் ரோமன். கொலை செய்தது ரோமனும் இல்லை. வேலைக்காரம்மாவின் மகன், சிறுவன் ஃபிராங்கி. அவன்தான் வளர்ந்து அதே ஹிப்னாடிசக்காரராக வந்து நிற்கிறான்.

இன்னொன்று, “பழைய காலக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தார்கள்” என்பதும் சரியில்லை. முழுப் படமும் வண்ணத்தில் எடுத்ததுதான். முன்னோட்டத் திரையிடலில் பார்த்தவர்கள் காலம் மாறுவது புரியாமல் குழம்பியதால், அந்தப் பகுதிகளைப் பிறகு கறுப்பு வெள்ளையாக்கினார்கள்.