24 மெகாபிக்சல் ஆல்பத்துக்குப் போதாதா?

24 மெகாபிக்சலில் எடுத்தால் 12×36 அங்குலக் கல்யாண ஆல்பத்தில் படம் உடையும், 45-க்கு மாறியே ஆகணும் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. 24 மெகாபிக்சல் என்றால் 6000×4000 பிக்சல். அந்த ஆல்பத்தின் ஒரு பக்கம் 12×18 அங்குலம், வகுத்துப் பாருங்கள், அங்குலத்துக்கு 333 பிக்சல் வருகிறது, பிரிண்ட் போடுபவர்கள் கேட்பதே 300தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே படத்தை விரித்தால் 166 ஆகக் குறையும், உண்மைதான், ஆனால் 45-க்குப் போனாலும் அது 230-ஐத் தாண்டாது.

மண்டபத்தில் படம் புள்ளி புள்ளியாக வர, பெரும்பாலும் காரணம் கேமராவோடு வந்த 18-55 லென்ஸ். 55-இல் அது எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஒரு 50 எம்எம் எஃப் 1.8 போட்டால் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன், கூட்டினால் புள்ளியும் கூடும்) 6400 வைத்த இடத்தில் 800 தாராளம். (என்ன, மாலை மாற்றும்போது இரண்டு முகமும் தெளிவாக வேண்டுமென்றால் 2.8 வரை மூடத்தான் வேண்டும்.)

இரண்டு கார்டு போடும் வசதி, ஓடுகிற பிள்ளையின் கண்ணை விடாமல் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ், இதற்காக மாற்றுகிறேன் என்றால் சரி. ஆல்பத்தைக் காட்டிப் புதுப் பையன்களைக் கடன் வாங்க வைக்காதீர்கள்.