அட்ரஸ் பாரில் நாலு வாசல்

"கூகுளுக்குப் பதிலா எந்த சர்ச் என்ஜின் போடலாம்?" இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு குழுவில் வந்துவிடுகிறது. பதிலாக எதையும் போட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இருப்பது இருக்கட்டும். பக்கத்திலேயே இன்னும் நாலைந்தைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தில் ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீட்டில் எல்லோரும் முகப்பு வழியாகவா போய் வருகிறார்கள்? பின்கட்டில் வேலை இருப்பவர் பின்தெரு வாசலில் நுழைகிறார், வேலை முடிந்தது.

ஆத்தங்குடி கல் தரை மங்கிப்போனால் என்ன செய்வது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் திரையில் வருவது கல் விற்பவர்கள்தான். உங்களுக்கு வேண்டியது விளக்கம், வருவது விலைப்பட்டியல். பொதுத் தேடுபொறியிடம் எல்லாவற்றையும் கேட்டால் இப்படித்தான் ஆகும். எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்த விஷயத்தை நேராக அங்கேயே போய்க் கேட்கலாம்.

நாம் எதுவும் மாற்றாவிட்டால் பிரவுசர் தானாகவே தேடும் இடத்துக்குப் பெயர் டீஃபால்ட். அந்த ஒற்றை இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது இது: பிரவுசரிலும் போனிலும் டீஃபால்ட்டாக இருப்பதற்காக கூகுள் 2021-ல் மட்டும் கொடுத்தது 2,630 கோடி டாலர். ரூபாய் அல்ல, டாலர். இங்கே இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதற்குப் பிறகு 2023 ஜனவரியில், புது ஆண்ட்ராய்டு போனை செட்டப் செய்யும்போது தேடுபொறியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. நம்மில் பலர் அந்தத் திரையில் "அடுத்து, அடுத்து" என்று தட்டிக்கொண்டே போயிருப்போம்.

எதைச் சேர்ப்பது என்பதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டக்டக்கோ, ஈகோசியா, யாஹூ மூன்றையும் சேர்த்துவிட்டு மூன்று இடத்தில் தேடுவதாக நினைத்தால் ஏமாற்றம்தான். மூன்றுமே சரக்குக்கு மைக்ரோசாஃப்டின் பிங்கை நம்பியிருப்பவை, ஈகோசியா மட்டும் கூகுளிலிருந்தும் எடுக்கிறது. கடை மூன்று, குடோன் ஒன்று. 2024 மே 23 அன்று பிங் படுத்தபோது டக்டக்கோவும் ஈகோசியாவும் கூடவே படுத்தன. ஸ்டார்ட்பேஜ் காட்டுவது பெரும்பாலும் கூகுள் முடிவுகளை. சொந்தக் குடோன் வைத்திருப்பவை பிரேவ் சர்ச், மோஜீக் போன்ற சில. அதனால் பொதுத் தேடலுக்கு பிங் பக்கம் ஒன்று, பிரேவ் ஒன்று போதும். மிச்ச இடத்தைத் தனித் தளங்களுக்கு ஒதுக்குங்கள். உண்மையான லாபம் அங்கேதான்.

இனி வேலை. கம்ப்யூட்டரில் க்ரோம் என்று வைத்துக்கொள்வோம், சேர்ப்பது தமிழ் விக்கிப்பீடியா.

முதலில் விக்கிப்பீடியாவைத் திறந்து தேடல் பெட்டியில் அர்த்தமில்லாத ஒன்றை அடியுங்கள். ஆங்கில க்யூ எழுத்தை நாலு தடவை அடித்தால் போதும். "காரைக்குடி" என்று அடித்தால் அது நேராகக் கட்டுரைக்கே கூட்டிப்போய்விடும், தேடல் முகவரி கிடைக்காது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். க்யூ நாலு என்றால் "எதுவும் இல்லை" என்று தேடல் பக்கத்திலேயே நிற்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். மேலே முகவரியில் நாலு க்யூவும் பளிச்சென்று தெரியும். முகவரி முழுவதையும் காப்பி செய்யுங்கள்.

அடுத்து செட்டிங்ஸ், அதில் சர்ச் என்ஜின், அதற்குள் "மேனேஜ் சர்ச் என்ஜின்ஸ் அண்ட் சைட் சர்ச்". கீழே சைட் சர்ச் என்ற பகுதியில் ஆட் பட்டன் இருக்கும். மூன்று கட்டம் வரும்: பெயர், ஷார்ட்கட், முகவரி. முகவரிக் கட்டத்தில் ஒட்டிவிட்டு, நாலு க்யூவை மட்டும் அழித்து, அந்த இடத்தில் % குறியும் அதை ஒட்டியே ஆங்கிலச் சின்ன எஸ்ஸும் போடுங்கள். நடுவில் இடைவெளி கூடாது, பெரிய எஸ் கூடாது. நாம் அடிக்கும் சொல்லை பிரவுசர் அந்த இடத்தில்தான் செருகுகிறது. சேமித்துவிட்டு, புது டேபில் ஷார்ட்கட்டை அடித்து, ஸ்பேஸ் அல்லது டேப் தட்டி, சொல்லை அடித்து என்டர்.

ஸ்பேஸ் வேலை செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம். அதே பக்கத்தில் "டேப் மட்டும்" என்றும் "ஸ்பேஸ் அல்லது டேப்" என்றும் ஒரு தேர்வு இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். எதைத் தேடினாலும் ஒரே பக்கம் வருகிறதா? % எஸ் விட்டுப்போயிருக்கும். நாம் ஏற்கனவே தேடிய சில தளங்களை க்ரோம் தானாகவே "இன்ஆக்டிவ் ஷார்ட்கட்ஸ்" என்று கீழே ஒதுக்கி வைத்திருக்கும். அதில் நமக்கு வேண்டியது இருந்தால் ஆக்டிவேட் தட்டினால் முடிந்தது, இந்த க்யூ வேலையெல்லாம் தேவையே இல்லை.

எல்லாத் தளத்தையும் இப்படிச் சேர்க்க முடியாது. தேடிய பிறகு முகவரியில் நம் சொல் தெரியவில்லை என்றால் அந்தத் தளம் சொல்லை உள்ளுக்குள் அனுப்புகிறது என்று அர்த்தம். அங்கே % எஸ் வைக்க இடமே கிடையாது. பட்டா சிட்டா, வில்லங்கம் பார்க்கும் தளங்கள் இந்த வகை. மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, கேப்சாவும் போட்டாக வேண்டும். அவற்றை புக்மார்க் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபயர்பாக்ஸில் இன்னும் சுலபம். ஒரு தளம் தன் தேடல் முகவரியைத் தானே பிரவுசருக்கு அறிவிக்கும் ஓப்பன்சர்ச் என்ற ஏற்பாடு 2005-லிருந்தே உண்டு. அமேசானின் ஏ9 நிறுவனம் கொண்டுவந்தது. அதை வைத்திருக்கும் தளத்தில் நின்றுகொண்டு அட்ரஸ் பாரில் ரைட் கிளிக் செய்தால் "ஆட்" என்று அதுவே கேட்கும். 2025 ஜூனில் வந்த 140-ஆம் பதிப்பிலிருந்து செட்டிங்ஸில் கையாலும் சேர்க்கலாம். எட்ஜ் கிட்டத்தட்ட க்ரோம் மாதிரிதான்.

தமிழில் தேடுபவர்களுக்கென்றே சில சங்கடங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இவை கிடைக்காது.

முதலாவது, கீபோர்டு. ஷார்ட்கட்டை ஆங்கில எழுத்தில் வைத்தால், தமிழ்99 கீபோர்டில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு தேடலுக்கும் இரண்டு தடவை மொழி மாற்ற வேண்டும். இரண்டு நாளில் வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். ஷார்ட்கட்டை எண்ணாக வையுங்கள். 1 விக்கிப்பீடியா, 2 அகராதி, 3 பிரேவ். எண் விசை எந்த மொழியிலும் எண்தான்.

இரண்டாவது, முகவரியின் நீளம். "காரைக்குடி" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது பத்து குறியீடு, ஏனென்றால் க தனி, கால் தனி, புள்ளி தனி. குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக முப்பது. முகவரிக்குள் போகும்போது ஒரு பைட்டுக்கு % குறியோடு மூன்று எழுத்து, ஆக தொண்ணூறு. முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது % % என்று அனுமார் வால் மாதிரி நீளுவது இதனால்தான். பழுதில்லை, அப்படியே விடுங்கள். நடுவில் ஒரு எழுத்தை அழித்தால்தான் பழுது.

மூன்றாவது, ஔகாரம். "பௌர்ணமி" என்பதில் வருவது ஒரே குறி. பலர் அதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக "பெளர்ணமி" என்று அடிக்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல். திருக்கோஷ்டியூர் மாசிப் பௌர்ணமித் தெப்பம் பற்றித் தேடி ஒன்றும் சிக்கவில்லை என்றால் இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் தேடும்போது ஒற்று மிகுவதும் இதே கதைதான்: "கண்டாங்கிச் சேலை" ஒன்று, "கண்டாங்கி சேலை" இன்னொன்று.

தனித் தளங்களின் தேடல் பெரும்பாலும் வேற்றுமை உருபைப் பிரித்துப் பார்க்காது. "காரைக்குடி" கேட்டால் "காரைக்குடியில்" உள்ள பக்கம் தப்பிப்போகலாம். விக்கிப்பீடியாவில் சொல்லின் கடைசியில் * போட்டால் அந்தத் தொடக்கம் உள்ள எல்லாம் வரும். மரம், குளம் போன்றவை மரத்தில், குளத்தை என்று மாறுமே, அவற்றுக்கு "மர*" என்று முன்பாதியை மட்டும் கொடுங்கள்.

2-ஆம் எண்ணில் அகராதி என்றேன் அல்லவா, அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-ல் அனுபந்தமாகவும் வந்தது. இணையத்தில் அதைத் தேடத் தருவது சிகாகோ பல்கலைக்கழகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் புத்தகச் சேகரிப்பை வாங்கி, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைக்கச் செய்ததும் அதே பல்கலைக்கழகம்தான். வளவு, கொட்டான் என்று நம் செட்டிநாட்டுப் பக்கத்துச் சொல்லைப் போட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தேடியதும் முகவரியில் சொல் தெரியும், எனவே மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும். க்யூ நாலு இங்கேயும் செல்லும்.

கூகுளையே இரண்டாவது தடவை சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதன் தேடல் முகவரியில் % எஸ்ஸுக்குப் பின்னால் &, ஆங்கிலச் சின்ன எழுத்தில் யுடிஎம், =, 14 என்று ஒட்டிச் சேர்த்து 4-ஆம் எண்ணில் வையுங்கள். 2024 மே மாதம் வந்த "வெப்" வடிகட்டி இது. ஏஐ சுருக்கம், வீடியோ வரிசை எல்லாம் போய் வெறும் இணைப்புகள் மட்டும் நிற்கும். பழைய கூகுளை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

போனில் கதை வேறு. ஆண்ட்ராய்டு க்ரோமில் கையால் சேர்க்க வழி இல்லை. வேண்டிய தேடுபொறியின் தளத்துக்குப் போய் ஒரு தடவை தேடிவிட்டு வந்தால், செட்டிங்ஸில் "சமீபத்தில் பார்த்தவை" என்று அது தலைகாட்டும், தேர்ந்தெடுக்கலாம். ஃபயர்பாக்ஸ் போன் பதிப்பில் % எஸ் முறையிலேயே சேர்க்கலாம். ஐபோன் சஃபாரியில் ஆப்பிள் கொடுத்த பட்டியலோடு சரி. முகப்புத் திரையில் இருக்கும் கூகுள் பட்டை இந்த மாற்றம் எதற்கும் அசையாது, அது தனி ஆப்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தேடுபொறி சேர்க்க எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் ஏற்றும் கூடுதல் நிரல், எதுவும் தேவையில்லை. பிடிஎஃப் மாற்றித் தருகிறேன், கூப்பன் தேடித் தருகிறேன் என்று வரும் சில எக்ஸ்டென்ஷன்கள் சத்தமில்லாமல் டீஃபால்ட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். நீங்கள் மாற்ற மாற்ற அது பழையபடி வந்தால், முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள், அப்புறம் டீஃபால்ட்டை மாற்றுங்கள். வரிசை மாறினால் பலிக்காது. வீட்டுக் கம்ப்யூட்டரில் க்ரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று இருந்தால் எக்ஸ்டென்ஷனை நீக்குவதோடு வேலை முடியாமல் போகலாம். ஏதோ ஒரு மென்பொருள் பாலிசி, அதாவது பிரவுசர் மீறமுடியாத கட்டளை, எழுதி வைத்திருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் இப்படி எழுதும். விண்டோஸின் ஆப் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, இந்தத் தொல்லை தொடங்கிய நாளில் என்ன இன்ஸ்டால் ஆனது என்று பாருங்கள்.