முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போகிறவர்களிடம் எல்லாரும் சொல்வது: "நம்ம சாப்பாட்டைச் செஞ்சு கொடு, மனசுல ஒட்டிக்கலாம்." நானும் நம்பினேன். போன மூன்றாம் நாளே அடுப்படியைப் பிடித்துக்கொண்டேன். நான்கு மணி நேரம், ஆறு வகை. வீட்டுக்காரம்மாவுக்கு வெந்நீர் வைக்கக்கூட ஒரு அடுப்பு விடவில்லை. அப்புறம் மேசையில் பரப்பிவிட்டு, அவர்கள் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நன்றாக இருக்கிறது என்றார்கள். எதிரில் ஒருத்தி இப்படி நின்றால் வேறு என்னதான் சொல்வார்கள்! அதைப் பகிர்தல் என்று இப்போது சொல்ல மாட்டேன். பாராட்டை வசூல் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சின்னப் பையனுக்கு மட்டும் நடிக்கத் தெரியவில்லை. கண் கலங்க, குவளை குவளையாகத் தண்ணீர் குடித்தான். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. பால் கொடுத்திருந்தால் அடங்கியிருக்கும். இன்னொன்றும் பிற்பாடுதான் படித்தேன். உடம்பில் சூட்டை உணர்கிற ஏற்பிதான் (நரம்பு நுனியில் இருக்கும் ஒரு புரதம்) காரத்தையும் உணர்கிறதாம். அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக, "சுடுது" என்று அந்தப் பையன் சொன்னது செல்லம் கொஞ்சல் இல்லை. நான்தான் சிரித்துவைத்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. காரம் சாப்பிடுவீர்களா என்று கேட்டேனே தவிர, எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்கவில்லை. நிலக்கடலை ஆபத்து என்பது பலருக்குத் தெரியும். எள்? கடுகு? ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயம் தெரிவிக்கச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் இரண்டும் இருக்கின்றன. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் அந்த மாதிரிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

(பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு: இறைச்சியையும் பால் பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொதுவாக விட மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருளை மறைத்தால் அபராதம் கட்ட வேண்டிவரும். அம்மா ஆசையாகக் கொடுத்தது என்றெல்லாம் அங்கே சொல்லிப் பயனில்லை.)

அதன்பிறகு சில வாரம் சமைக்கவே இல்லை. அவர்கள் செய்ததைச் சாப்பிட்டேன், காய் நறுக்கிக் கொடுத்தேன். பிடிக்காததை "இது எனக்குப் பழகலை" என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். நான் அப்படிச் சொன்ன பிறகுதான் அவர்களும் என்னிடம் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். விருந்தாளி என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

அப்புறம் ஒருநாள் ராத்திரி எனக்காக மட்டும் ஒன்று சமைத்தேன், காரம் பாதிதான். மீந்ததை டப்பாவில் போட்டு, என்னென்ன சேர்த்தேன் என்று சீட்டில் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. யார் சாப்பிட்டது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.