இனியும் ரவுட்டரை நிப்பாட்டிப் போடச் சொல்லாதீங்கோ

"ரவுட்டர் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது. பிரச்சினை தீர்ந்தது." இப்படி எழுதி என் முறைப்பாட்டை மூடியிருக்கிறார்கள் எங்கள் அலுவலகக் கணினி உதவிப் பிரிவினர். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்து கொழும்பு அலுவலகத்துக்கு விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வேர்க்குக்குள் போகும் தனி வழி) போட்டுத்தான் என் வேலை. 'கனெக்டட்' என்று காட்டும், மெயில் வரும், அலுவலகக் கோப்புகள் இருக்கும் ஃபைல் சேர்வர் மட்டும் திறக்காது. உதவிக்கு எடுத்தால் அதே பல்லவி. "அக்கா, ரவுட்டரை நிப்பாட்டிப் போடுங்கோ." போட்டேன். "விபிஎன்னை அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடுங்கோ." அதுவும் செய்தேன். "உங்கட திருகோணமலைப் பக்கம் லைன் சரியில்லைப் போல." லைன் சரியில்லாமலா தம்பி, நீங்கள் என் ஸ்கிரீனுக்குள் வந்து மவுசை ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? தம்பி வாயே திறக்கவில்லை. கடைசியில், "லப்டொப்பைக் கொழும்புக்குக் கொண்டுவாங்கோ" என்றார். இங்கிருந்து 260 கிலோமீட்டர் வரும்!

ஒரு தரமாவது 'ரூட் பிரிண்ட்' (எந்த முகவரிக்கு எந்த வழியால் போவது என்று கணினி வைத்திருக்கும் பட்டியலைக் காட்டும் கட்டளை) அடித்துப் பார்க்கச் சொன்னார்களா? நானே அடித்துப் பார்த்தேன். என் வீட்டு ரவுட்டர் கொடுக்கும் முகவரி 192.168.1 என்று தொடங்குகிறது. அலுவலக சேர்வரின் முகவரியும் 192.168.1தான். தொடக்கம் ஒன்றாக இருந்தால் கணினி சேர்வரை வீட்டுக்குள்ளேதானே தேடும்? விபிஎன் பக்கம் எட்டியும் பார்க்காது. கடையில் வாங்கும் எத்தனையோ ரவுட்டர்கள் இந்த 192.168.1-ஓடுதான் வருகின்றன. உள் நெட்வேர்க்குகளுக்கு என்றே ஒதுக்கிய, 10-இல் தொடங்கும் தொகுதியில் 1.6 கோடிக்கு மேல் முகவரிகள் சும்மா கிடக்கும்போது, ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லும் அலுவலகம் இதையா எடுப்பது?

வீட்டு ரவுட்டரில் 192.168.50 என்று மாற்றினேன். சேர்வர் உடனே திறந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வேலை செய்கிற மற்றப் பிள்ளைகளாவது அலைக்கழியாமல் இருக்கட்டும் என்று, ரூட் பட்டியலையும் இணைத்து விளக்கமாக எழுதி அனுப்பினேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? அங்கே அலுவலக நெட்வேர்க்கில் செருகியதும் எல்லாம் வேலை செய்யும். "ஒரு பிழையும் இல்லை அக்கா" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்!