சன்ரூஃப் வழியா போன ஒரு லட்சம்

(திருச்சி தில்லைநகர்ல ஒரு பழைய வீடு. கீழ அக்கா குடும்பம், மாடில தம்பி குடும்பம். ஞாயித்துக்கெழம காலைல பத்தரை மணி. போர்டிகோவுல அக்காவோட 2011 மாடல் ஸ்கூட்டர், அது சீட்டு மேல தெருப்பூனை ஒண்ணு படுத்திருக்கு. தம்பி லேப்டாப்ப தூக்கிட்டு எறங்கி வர்றான்.)

தம்பி: அக்கா, கார் புக் பண்ணிட்டேன்.

அக்கா: அதுக்குள்ளயா? போன வாரம் வரைக்கும் யோசிச்சிட்டுத்தானடா இருந்த?

தம்பி: யோசிச்சுத்தான் பண்ணேன். நம்ம தெருவுல எவனாவது கார் வாங்க மூணு மாசம் எக்செல் போட்டிருக்கானா சொல்லு. மூளை நம்மள எப்டில்லாம் ஏமாத்தும்னு தேடித்தேடிப் படிச்சு, அதையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு எடுத்த முடிவு.

அக்கா: மூளைய ஒதுக்கி வச்சுட்டேங்குற.

தம்பி: கிண்டல் பண்ணாத. கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரங்க 1974லயே எழுதியிருக்காங்க. ஒரு சக்கரம், சுத்துனா 10ல இல்லன்னா 65லதான் நிக்கும், அப்டி செட் பண்ணி வச்சது. அது நின்னதும் ஐநா சபைல ஆப்பிரிக்க நாடுங்க நூத்துக்கு எத்தனைன்னு கேட்டிருக்காங்க. 10 வந்த கூட்டம் 25ங்குது, 65 வந்த கூட்டம் 45ங்குது. சம்பந்தமே இல்லாத நம்பர் மண்டைல ஒட்டிக்கிச்சு பாரு. இதெல்லாம் தெரிஞ்சவன் ஏமாறுவானா?

அக்கா: ஷோரூம்ல உனக்கு மொதல்ல எந்த காரக் காட்டுனாங்க?

தம்பி: டாப் மாடல். 14 லட்சம்.

அக்கா: நீ எடுத்தது?

தம்பி: 10 லட்சத்து 40,000. மூணரை லட்சத்துக்கு மேல மிச்சம் பண்ணிருக்கேன்க்கா!

அக்கா: வீட்ட விட்டுக் கெளம்புறப்ப எவ்ளோன்னு சொல்லிட்டுப் போன?

தம்பி: ...எட்டு.

அக்கா: சக்கரம் நல்லா சுத்தியிருக்கு.

தம்பி: அது வேற. எட்டுக்கு வர்றதுல சன்ரூஃப் கெடையாது.

அக்கா: சன்ரூஃப்பா? திருச்சிலயா? அக்னி நட்சத்திரத்துல மொட்டமாடில வடகம் காய வைக்கவே நான் குடை புடிச்சிட்டுப் போறேன், நீ காசு குடுத்து கூரைல ஓட்ட போடுறியா?

தம்பி: சாயந்தரம் தொறந்துக்கலாம்ல. அதுவும் சன்ரூஃப் இல்லாத மாடலுக்கும் இதுக்கும் 70,000தான் வித்தியாசம். 2025 செப்டம்பர்ல சின்ன காருக்கு ஜிஎஸ்டிய 28லேருந்து 18க்கு கொறச்சாங்கல்ல, அதுல மிச்சமான காசுதான் இதுக்குப் போகுது. என் பாக்கெட்லேருந்தா போகுது?

அக்கா: பின்ன யாரு பாக்கெட்டு? சரி, ரோடு டாக்ஸ் பாத்தியா?

தம்பி: அதெல்லாம் ஆன்ரோடு வெலைல சேந்து வந்துரும்.

அக்கா: வரும்டா, நல்லா வரும். நான் பேங்க்ல டெய்லி கார் லோன் பேப்பர் பாக்குறவ. 2023 நவம்பர்லேருந்து நம்ம ஸ்டேட்ல 5லேருந்து 10 லட்சம் வரைக்கும் 13 பர்சன்ட், அதத் தாண்டுனா 20 லட்சம் வரைக்கும் 18 பர்சன்ட். தாண்டுன காசுக்கு மட்டும் இல்ல, மொத்த வெலைக்கும். 9 லட்சத்து 70,000 கார எடுத்திருந்தா டாக்ஸ் 1,26,100. இப்ப 1,87,200. உன் 70,000 ஓட்டைக்கு 61,100 வரி. ஆக மொத்தம் 1,31,100 ரூவா குடுத்து வானத்தப் பாக்கப் போற, அது மொட்டமாடில ஃப்ரீயா இருக்கு.

தம்பி: (லேப்டாப்ப தொறந்து) இரு இரு, எக்செல்ல இது எப்டி மிஸ்ஸாச்சு... பாரு, எல்லாத்துக்கும் மார்க் போட்ருக்கேன். மைலேஜ் 15, சேஃப்டி 25, சர்வீஸ் 20, ஃபீல் 40.

அக்கா: ஃபீலா? போன மாசம் நீ காட்டுனப்ப அதுக்கு 5தான இருந்துச்சு?

தம்பி: அப்ப வேற கார் ஃபர்ஸ்ட் வந்துச்சுக்கா. அதனால ஃபார்முலால ஏதோ தப்பிருக்குன்னு தெரிஞ்சிடுச்சு.

அக்கா: அடப்பாவி. அந்த வேற காரு நல்ல காரு, நானே சொன்னேன்.

தம்பி: அந்தக் கம்பெனி வேணவே வேணாம். 2009ல பழனி போறப்ப மாமா கார் மணப்பாறைகிட்ட நின்னுச்சே, மறந்துட்டியா? மூணு மணி நேரம் முறுக்கு தின்னுட்டு ரோட்டோரமா உக்காந்திருந்தோம்.

அக்கா: அது டீசல் போட மறந்துட்டாருடா உங்க மாமா!

தம்பி: ...இருந்தாலும் அந்த எம்பளத்தப் பாத்தாலே எனக்கு முறுக்கு வாசனை வருது.

அக்கா: டெலிவரி எப்ப?

தம்பி: ஆடில எடுத்தா ஆஃபர்லாம் தர்றேன்னாங்க, நான்தான் ஆவணின்னுட்டேன். அம்மாவுக்காக. நம்பர் கூட்டுத்தொகை எட்டு வேணாம்னேன், அதுவும் அம்மாவுக்காக.

அக்கா: அம்மாதான் இப்ப ஊருக்கே போயிட்டாங்களே, ஃபோன்ல கேட்டியா?

தம்பி: கேட்டா என்ன சொல்வாங்கன்னு தெரியும்ல.

அக்கா: லோனு?

தம்பி: 10 லட்சம், 9 பர்சன்ட், ஏழு வருசம். மாசம் 16,089தான். அஞ்சு வருசம்னா 20,758 கேட்டான், நான் ஏமாறுவேனா?

அக்கா: தலைல அடிச்சுக்கவா? ரெண்டு வருசம் கூட இழுத்ததுக்கு மொத்தத்துல ஒரு லட்சத்து ஆறாயிரம் சேத்துக் கட்டுற. இப்பவே கேன்சல் பண்ணு.

தம்பி: எப்டிக்கா? 21,000 அட்வான்ஸ் குடுத்துட்டேனே. அதுவுமில்லாம புக் பண்ணதுலேருந்து ரோட்ல எங்க பாத்தாலும் அதே கார்தான் போகுது. நல்ல கார் இல்லன்னா இத்தன பேரு வாங்குவானா? அத விடு. நான் வந்தது வேற விசயம். போர்டிகோ காலி பண்ணனும். உன் ஸ்கூட்டர வித்துரலாம், என் ஃப்ரெண்டு 12,000 தர்றேங்குறான்.

அக்கா: பன்னெண்டா? முப்பத்தஞ்சுக்கு ஒரு ரூவா கொறைய மாட்டேன்.

தம்பி: 2011 வண்டிக்கா! 15 வருசம் முடியுது, ஆர்டிஓ ஆபீஸ் போயி எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பிக்கணும். நீ ஓட்டியே ஆறு மாசமாச்சு.

அக்கா: போன மாசந்தான் 1,800 ரூவாக்கு புது பேட்டரி போட்டேன். பாப்பாவ எல்கேஜிலேருந்து கொண்டு விட்ட வண்டிடா, ராசியான வண்டி. அந்த முன்னாடி கீறல் இருக்கு பாரு, அது அவ சைக்கிள் கத்துக்குறப்ப இடிச்சது.

தம்பி: கீறலுக்கும் சேத்து காசா? சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இதே வண்டி பக்கத்து வீட்டுல விக்கிறாங்க. நீ வாங்குவேன்னா எவ்ளோ குடுப்ப?

அக்கா: இந்த டப்பாவுக்கா? எட்டாயிரம் கூட குடுக்க மாட்டேன்.

தம்பி: பாத்தியா! காபி கப்ப வச்சு இதையேதான் டெஸ்ட் பண்ணிருக்காங்க. கப்பு சும்மா கைக்கு வந்தவன், அத விக்கறதுக்கு, வாங்க வந்தவன் சொன்ன வெலைல ரெண்டு மடங்கு கிட்ட கேட்டான். நீ அவனையும் தாண்டிட்ட.

அக்கா: நீ கேட்டது வாங்குறதப் பத்தி. நான் சொல்றது விக்கிறதப் பத்தி. கப்பு எவனையாவது ஸ்கூல்ல கொண்டு போயி விட்டுச்சா?

தம்பி: அப்ப கார எங்கக்கா நிறுத்துறது?

அக்கா: ரோட்டுல நிறுத்து. அந்த சன்ரூஃப்ப மட்டும் தொறந்து வச்சுட்டுப் போ, பூனையாவது அதுல ஏறிப் படுக்கட்டும், என் சீட்டக் கீறாம இருக்கும்.