நாலாம் நாள் வரைக்கும் சூரியனே இல்லையே

வேதாகமம் சொல்லும் படைப்பின் ஆறு நாளும் ஒவ்வொன்றும் 24 மணி நேரம்தான், வேறு மாதிரி சொல்பவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது பாதி ரொம்ப வருத்தமாக இருந்தது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சூரியனும் சந்திரனும் நாலாம் நாளில்தான் வருகின்றன, அப்படியானால் முதல் மூன்று நாளின் சாயங்காலத்தையும் விடியற்காலத்தையும் எதை வைத்து அளப்பது? நாத்திகர்கள் கிளப்பிய கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள், பூமியின் வயதைப் பற்றி எந்த ஆராய்ச்சியும் இல்லாத காலத்திலேயே, 1600 வருஷத்துக்கு முன்பு, சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் இதோடு மல்லுக்கட்டி, இவை நாம் அறிந்த நாட்கள் போன்றவை அல்ல என்று எழுதினார். மற்ற ஆறு நாளுக்கும் சொல்லப்படும் சாயங்காலமும் விடியற்காலமும் ஏழாம் நாளுக்குச் சொல்லப்படவே இல்லை. சரி, யாத்திராகமம் 20:11 உங்கள் பக்கம் பலமான வசனம்தான், ஓய்வுநாள் கட்டளையே அந்த ஆறு நாளின் மேல்தான் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம்ம பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்கிறது புவியியல். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் இதைக் கேட்ட தம்பியை உட்காரச் சொல்லிவிட்டார்கள், அதற்கப்புறம் அவன் வருவதில்லை. அடுத்த கட்டுரையில் அவனுக்கு என்ன பதில் என்று எழுதுங்கள், ஐயா.