கிரெடிட் செக் தேறவில்லையா? ஹோல்டிங் டெபாசிட்டைக் கேட்டு வாங்குங்கள்

இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு தேடும் நம் ஆட்களிடம் ஒரு தப்பான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: கிரெடிட் செக் (கடன் வரலாற்றைப் பார்க்கும் சோதனை) தேறாவிட்டால் ஹோல்டிங் டெபாசிட் (வீட்டைப் பிடித்து வைக்க முன்கூட்டியே கொடுக்கும் தொகை) போனது போனதுதான் என்று. ஏஜென்ட் "ரெஃபரன்ஸ் ஃபெயில், பணம் வராது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போட்டதும் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2019 ஜூன் 1 முதல் அமலில் உள்ள டெனன்ட் ஃபீஸ் ஆக்ட் (வாடகைதாரரிடம் வாங்கும் கட்டணங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம்) இதில் தெளிவாகப் பேசுகிறது.

தொகையிலிருந்தே பாருங்கள். ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாத வாடகையை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுக்க வேண்டும். 1,300 பவுண்ட் வாடகைக்கு 300 பவுண்ட். நான்கால் வகுத்து 325 கேட்டால் அந்த 25 பவுண்ட் சட்டத்துக்கு விரோதம். கிரெடிட் செக்குக்கென்று தனிக்கட்டணமும் கிடையாது.

பணத்தை வைத்துக்கொள்ள நான்கு காரணங்கள்தான் உண்டு. நீங்களே பின்வாங்குவது, ரைட் டு ரென்ட் (இங்கிலாந்தில் வாடகைக்குக் குடியிருக்கும் உரிமை) சோதனையில் தேறாதது, அவர்கள் தரப்பில் எல்லாம் செய்தும் நீங்கள் ஒப்பந்தத்துக்கு வேண்டியதைச் செய்யாமல் இழுத்தடிப்பது, பொய்யான அல்லது தவறாக எண்ண வைக்கும் தகவல் கொடுப்பது. கிரெடிட் ஸ்கோர் குறைவு என்பது இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. ரசீதில் "நான்-ரிஃபண்டபிள்" என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்துக்கு முன் அது செல்லாது.

சண்டையெல்லாம் நான்காவது காரணத்தில்தான் வரும். படிவத்தில் "சிசிஜே (கடனைக் கட்டாததற்கு நீதிமன்றம் தந்த தீர்ப்பு) உண்டா?" என்று கேட்டு, இருந்தும் "இல்லை" என்று டிக் அடித்திருந்தால் உங்கள் வாதம் பலவீனம். சம்பளத்தைக் கூட்டி எழுதினாலும் அப்படியே. ஆனால் நீங்கள் உண்மையைச் சொல்லி, ஏஜென்ட் அதைத் தெரிந்தே பணம் வாங்கிக்கொண்டு, பிறகு அதையே காரணம் காட்டி மறுத்தால் பணம் திரும்ப வந்தாக வேண்டும். புதிதாக வந்தவர்களின் கிரெடிட் கோப்பு காலியாக இருப்பதும் பொய்த் தகவல் ஆகாது. நம் பெயர்கள் இன்னொரு சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வங்கியில் இனிஷியலாக இருக்கும், சம்பளச் சீட்டில் முன்பின்னாக இருக்கும். கணினி இரண்டு ஆள் என்று நினைத்துக்கொள்ளும். அதை ஏமாற்று என்று ஏஜென்ட் சொன்னால் மூன்றையும் சேர்த்து வைத்து விளக்கம் எழுதுங்கள்.

தேதிகளை எழுதி வையுங்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பணம் போய்ச் சேர்ந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 15ஆம் நாள்தான் வாடகை ஒப்பந்தம் போடக் கெடு. எழுத்தில் வேறு தேதி ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தேதி. ஜூன் 1 கொடுத்தால் ஜூன் 15. ஒப்பந்தம் ஆகாவிட்டால் அந்த நாளையும் சேர்த்து ஏழு நாளுக்குள், அதாவது ஜூன் 21க்குள், பணமோ, ஏன் தரவில்லை என்ற எழுத்துபூர்வமான காரணமோ வர வேண்டும். உரிமையாளர் அதற்கு முன்பே மறுத்துவிட்டால் ஏழு நாள் அந்த முடிவிலிருந்து ஓடும். காரணக் கடிதம் கெடுவுக்குள் வரவில்லையா? அவர்களிடம் நியாயமான காரணமே இருந்தாலும் பணத்தைத் திருப்பித்தர வேண்டும். இந்த ஒரு விதி தெரியாமல்தான் பலர் தோற்கிறார்கள்.

ஆகவே தொலைபேசியில் பேசிப் பயனில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்தத் தகவல் தவறு, நான் சொன்னது என்ன, நீங்கள் கண்டது என்ன, சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எந்தப் பத்தியின்படி வைத்துக்கொள்கிறீர்கள்? "எங்கள் பாலிசி" என்று பதில் வந்தால் அது காரணமே அல்ல. அடுத்து ஏஜென்சிக்கு முறையான புகார். எட்டு வாரத்தில் தீராவிட்டால் அவர்கள் உறுப்பினராக இருக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். எந்த ஏஜென்சியும் அப்படி ஒன்றில் சேர்ந்திருப்பது கட்டாயம். கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (வணிக விதிகளைக் கண்காணிக்கும் பிரிவு) முதல் மீறலுக்கே 5,000 பவுண்ட் வரை அபராதம் போட முடியும். பணத்தை மீட்கத் தனியாக ஃபர்ஸ்ட்-டியர் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயம் இருக்கிறது.

பணம் கட்டும் முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் உங்கள் கோப்பை இலவசமாகப் பார்க்கலாம். முறையான விசாவில் இருக்கும் இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். முகவரி பொருந்த இது பெரிதும் உதவும். நாடு மாறி வந்தது, பழைய சிசிஜே, வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று எதுவானாலும் மின்னஞ்சலில் சொல்லிவிட்டு, "இதை வைத்து விண்ணப்பத்தைப் பார்ப்பீர்களா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு பணத்தை அனுப்புங்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.